எச்ஆர்வி பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

எச்ஆர்வி என்பது இதயத் துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற அளவு. அதை மனநிலையோடு சேர்த்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. கைக்கடிகாரத்தையும் கைப்பேசியையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் விரலால் பார்ப்போம்.

இடது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டின் ஓரத்தில், வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். அழுத்தினால் நாடி அடங்கிவிடும், தொட்டால் போதும். துடிப்பு பிடிபட்டதும் நாலு எண்ணும்வரை மூச்சை இழுங்கள், எட்டு எண்ணும்வரை விடுங்கள். ஐந்தாறு மூச்சு போனபின் கவனித்தால், மூச்சு உள்ளே போகையில் துடிப்புகள் நெருங்கி நெருங்கி வரும். வெளியே போகையில் ஒவ்வொன்றும் தயங்கித் தயங்கி விழும். இளம் வயதினருக்கு இது விரலிலேயே பளிச்சென்று தெரியும். அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தெரியாமலே போகலாம். வயதாக ஆக இந்த ஏற்ற இறக்கம் குறைவது இயல்புதான், பயப்பட ஒன்றுமில்லை.

நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் விநாடிக்கு ஒன்று என்று சுவர்க் கடிகாரம்போல இதயம் அடிப்பதில்லை. ஒரு இடைவெளி 0.94 விநாடி, அடுத்தது 1.03, அதற்கடுத்தது 0.98 என்று மாறிக்கொண்டே இருக்கும். இந்த மாற்றத்தின் அளவுதான் இதயத் துடிப்பு மாறுபாடு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் எச்ஆர்வி என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மூச்சோடு சேர்ந்து நாடி கூடிக் குறைவதை 1847ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் கருவியில் பதிவு செய்துவிட்டார். நம் ஊரில் சித்த மருத்துவர் மூன்று விரல் வைத்துப் பார்க்கும் வாதம், பித்தம், கபம் வேறு கணக்கு. அதையும் இதையும் கலக்க வேண்டாம்.

மனசுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இதயத்தின் மேல் வலது அறையில் ஒரு சின்னக் கணு இருக்கிறது. துடிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது. நரம்புகளின் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் விட்டால் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு முறை துடிக்கும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கையில் எழுபதோ அறுபத்தைந்தோ காட்டுவதற்குக் காரணம் வேகஸ் என்ற நரம்பு. மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கி வந்து, பிரேக் மாதிரி இதயத்தைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். 1921ல் மருந்தியல் அறிஞர் ஓட்டோ லோவி தவளை இதயங்களை வைத்துச் செய்த சோதனையில், இந்த நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்தை மெதுவாக்குகிறது என்று கண்டுபிடித்தார். 1936ல் நோபல் பரிசும் வாங்கினார். அந்தப் பொருள் அசிடைல்கோலின்.

வேகஸின் பிடி ஒரு விநாடிக்குள் இறுகும், அதே வேகத்தில் தளரும். பயம், கோபம், ஓட்டம் இவற்றுக்கெல்லாம் இதயத்தை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளோ மெதுவானவை, அவற்றின் வேலை தெரியவே சில விநாடிகள் ஆகும். ஆகவே ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே இடைவெளி மாறினால் அது பெரும்பாலும் வேகஸின் வேலை. எச்ஆர்வி வழியாக நாம் பார்ப்பது அந்த பிரேக் எவ்வளவு தாராளமாக இயங்குகிறது என்பதைத்தான். மனசு இறுகும்போது, சுற்றிலும் ஆபத்து என்று மூளை முடிவு கட்டும்போது, பிரேக்கிலிருந்து கால் எடுக்கப்படுகிறது. துடிப்பு ஏறுகிறது, இடைவெளிகள் ஒரே சீராகின்றன. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகளும் இதயத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிகளும் ஒரே வலையில் கோக்கப்பட்டவை என்ற கருத்தை ஆய்வாளர்கள் ஜூலியன் தேயரும் ரிச்சர்ட் லேனும் 2000ல் முன்வைத்தார்கள். எச்ஆர்வியை மனநிலையோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் பலரும் நிற்பது அந்த அடித்தளத்தில்தான்.

மனச்சோர்வு உள்ளவர்களுக்கு எச்ஆர்வி சராசரியாகக் குறைவு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு அலசல் ஒன்று சொன்னது. பதற்ற நோய்களிலும் அதே போக்கு உண்டு. ‘சராசரியாக’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வு உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற இரண்டு கூட்டங்களின் எண்களும் ஒன்றின்மேல் ஒன்று பெருமளவு படிந்தே கிடக்கின்றன. எண் குறைவாக இருந்தும் நிம்மதியாக வாழ்கிறவர்கள் நிறைய. எண் நன்றாக இருந்தும் உள்ளுக்குள் உடைந்து கிடப்பவர்களும் நிறைய. ஒருவருடைய எண்ணை மட்டும் பார்த்து ‘உனக்கு மனச்சோர்வு’ என்று சொல்ல யாராலும் முடியாது.

படி 1: எண் எப்படி வருகிறது என்று ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்

செயலி காட்டும் எண் வானத்திலிருந்து விழுவதில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். அடுத்தடுத்த ஆறு இடைவெளிகள் மில்லி விநாடியில் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: 812, 845, 880, 861, 828, 806.

பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசம் எடுங்கள்: 33, 35, 19, 33, 22. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்துங்கள்: 1089, 1225, 361, 1089, 484. கூட்டினால் 4248. ஐந்தால் வகுத்தால் 849.6. வர்க்கமூலம் எடுத்தால் 29 சொச்சம். இதற்குப் பெயர் ஆர்எம்எஸ்எஸ்டி. அடுத்தடுத்த துடிப்பை ஒப்பிடுவதால் வேகஸின் வேலையை அதிகம் காட்டுவது இந்த அளவுதான். கார்மின், ஊரா, ஹூப், ஃபிட்பிட் கருவிகள் எல்லாம் தருவது இதைத்தான். ஆப்பிள் கைக்கடிகாரம் தருவது எஸ்டிஎன்என். அது எல்லா இடைவெளிகளின் மொத்தத் திட்ட விலக்கம். இரண்டும் மில்லி விநாடியில்தான் வரும், ஆனால் இரண்டும் வேறு வேறு அளவு. உங்கள் தோழி ஆப்பிளில் பார்த்ததையும் நீங்கள் கார்மினில் பார்த்ததையும் பக்கத்தில் வைப்பது கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவது மாதிரி.

இந்தக் கணக்கைக் கையால் போடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதே வரிசையில் நடுவில் ஒரே ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னால் வந்துவிட்டது, அதற்குப்பின் இதயம் கொஞ்சம் நின்று ஈடுகட்டியது என்று வையுங்கள். நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் எப்போதாவது இப்படி ஒரு துடிப்பு தவறும். இப்போது வரிசை 812, 845, 520, 1190, 828, 806. அதே கணக்கைப் போட்டால் விடை 371. இருபத்தொன்பது, ஒரே ஒரு தவறிய துடிப்பால் முந்நூற்று எழுபத்தொன்றாகிவிட்டது! சென்சார் நழுவி ஒரு துடிப்பைக் கோட்டை விட்டாலும் இதே கதைதான். நல்ல செயலிகள் இப்படிப்பட்ட துடிப்புகளை வடிகட்டிவிடும், எப்போதும் அல்ல. ஒருநாள் திடீரென்று எண் வானத்தைத் தொட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவீட்டை. அமைதி கூடிவிட்டது என்று மகிழ்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 2: கருவி

துல்லியம் வேண்டுமானால் மார்புப் பட்டை. போலார் எச்10 போன்றவை இதயத்தின் மின் சமிக்ஞையையே எடுப்பதால் இடைவெளியை மில்லி விநாடிக் கணக்கில் நம்பலாம். பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். காய்ந்த பட்டை தப்புத் தப்பாகக் காட்டும்.

மோதிரமும் கடிகாரமும் ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்தம் வந்து போவதைப் பார்க்கின்றன. அசையாமல் தூங்கும்போது நன்றாகவே வேலை செய்யும். கை ஆடினால் கெட்டுவிடும். மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாலும் தடுமாறலாம். செலவில்லாத வழி கைப்பேசிக் கேமரா. விரல் நுனியைக் கேமராவிலும் விளக்கிலும் படும்படி வைத்தால் எச்ஆர்வி4டிரெய்னிங் போன்ற செயலிகள் ஒரு நிமிடத்தில் எண் தந்துவிடும். விரல் சில்லென்று இருந்தால் சமிக்ஞை வராது, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் ஒன்றிலேயே நில்லுங்கள். ஒரு மாதம் மோதிரம், ஒரு மாதம் பட்டை என்று மாற்றினால் கையில் மிஞ்சுவது குழப்பம்தான்.

படி 3: எப்போது, எப்படி

காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு வந்ததும், காபிக்கு முன்னால், கைப்பேசியில் செய்தி எதையும் திறப்பதற்கு முன்னால். படுத்தா, உட்கார்ந்தா என்பது உங்கள் விருப்பம், தினமும் ஒரே மாதிரி இருந்தால் சரி. மருத்துவ ஆய்வுகளுக்கு ஐந்து நிமிடப் பதிவை அடிப்படையாக வைத்து 1996ல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் சேர்ந்து விதி வகுத்தன. வீட்டில் ஆர்எம்எஸ்எஸ்டி பார்க்க ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் இருந்தாலே போதுமானது. பேசக் கூடாது, கொட்டாவி விட்டால் மறுபடி தொடங்குங்கள். மூச்சை வேண்டுமென்றே நீட்டவும் கூடாது. மெதுவாக மூச்சு விட்டால் எண் ஏறும், அன்றைய எண் நேற்றைய எண்ணோடு ஒட்டாது.

இரவு முழுக்க மோதிரமோ கடிகாரமோ போட்டுத் தூங்குகிறவர்களுக்கு இந்தச் சிரமமே இல்லை. ஆப்பிள் கடிகாரம் மட்டும் பகலிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அளக்கும். மாடிப்படி ஏறி நின்றபோது எடுத்ததும், சோபாவில் சாய்ந்திருந்தபோது எடுத்ததும் ஒரே பட்டியலில் வரும். அதை வைத்திருப்பவர்கள் தூக்க நேரத்து அளவுகளை மட்டும் பாருங்கள்.

படி 4: எண்ணைப் பார்க்கும் முன் மனசை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

எண்ணைப் பார்த்தபின் மனசை எழுதினால், நீங்கள் எழுதுவது எண்ணின் எதிரொலியாகத்தான் இருக்கும். 25 என்று பார்த்த கண் ‘ஆமாம், கொஞ்சம் சோர்வாகத்தான் இருக்கிறது’ என்று எழுதச் சொல்லும். 50 பார்த்த கண் ‘அருமையாக இருக்கிறேன்’ என்று எழுதச் சொல்லும். பிறகு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மனசும் எண்ணும் அப்படியே பொருந்துகிறதே என்று ஆச்சரியப்படுவீர்கள். அது நீங்களே செய்துகொண்ட பொருத்தம். அதனால் கடிகாரத் திரையைத் திறக்காமல், நோட்டில் முதலில் எழுதுங்கள்.

என் நோட்டிலிருந்து ஒரு நாள்:

‘செவ்வாய். தூக்கம் அஞ்சரை மணி. மனசு கனமா இருக்கு, காரணம் தெரியல, பத்துக்கு நாலு. நேத்து ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா. ஆபீஸ்ல யாரோடவும் பேசப் பிடிக்கல. எண் 31.’

இவ்வளவுதான். தூக்கம், மனசுக்குப் பத்துக்கு ஒரு மதிப்பு, அதற்கு ஒரு சொல், முந்தின நாளில் வழக்கத்துக்கு மாறாக நடந்தது, கடைசியில் எண். ‘நல்லா இருக்கு’ என்பதைவிடச் சரியான சொல் தேடுங்கள். எரிச்சலா, ஏக்கமா, பயமா, சலிப்பா, நிம்மதியா? தமிழில் மனசுக்குச் சொற்களுக்கா பஞ்சம்! பல மாதம் கழித்து எண்ணைவிட இந்தச் சொற்கள்தான் அதிகம் பேசும், என் அனுபவத்தில்.

படி 5: முதல் மூன்று வாரம் தீர்ப்பு சொல்லாதீர்கள்

நான் தொடங்கிய புதிதில் என் அக்காவுக்கும் அதே மாதிரி மோதிரம் வாங்கிக் கொடுத்தேன். நாலாவது நாள் போன் வந்தது.

‘உனக்கு எவ்வளவுடா காட்டுது?’

‘முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, அப்படித்தான்க்கா.’

‘எனக்கு இருபத்திரண்டு. ராத்திரி நல்லாத்தான் தூங்கினேன். என்கிட்ட ஏதோ கோளாறு இருக்கு, சொல்லாம மறைக்காதே.’

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். அந்த 22 அவருக்கு இயல்பான எண். புரியவைக்க ஒரு வாரம் ஆனது, அந்த ஒரு வாரமும் அவர் வீணாகக் கவலைப்பட்டார். ஆரோக்கியமான பெரியவர்களின் ஐந்து நிமிடப் பதிவுகளைத் தொகுத்து 2010ல் வந்த ஓர் ஆய்வில் ஆர்எம்எஸ்எஸ்டியின் சராசரி 42 மில்லி விநாடி. ஆனால் ஒவ்வொரு ஆய்வின் சராசரியும் 19 முதல் 75 வரை பரவிக் கிடந்தது. வயது, பரம்பரை, உடற்பயிற்சிப் பழக்கம் எல்லாம் சேர்ந்து உங்கள் தளத்தை முடிவு செய்கின்றன. அடுத்தவர் எண்ணைப் பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை.

இன்னொரு எண்ணும் பலரை மிரட்டுகிறது. ‘50க்குக் கீழே போனால் ஆபத்து’ என்று எங்காவது படித்திருப்பீர்கள். 1987ல் இதய மருத்துவர் கிளைகரும் உடன் பணியாற்றியவர்களும் மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரை ஆராய்ந்தார்கள். 24 மணி நேரப் பதிவில் எஸ்டிஎன்என் 50க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 100க்கு மேல் இருந்தவர்களைவிட இறப்பு அபாயம் 5.3 மடங்கு என்று கண்டார்கள். அந்த 50 பிறந்த இடம் அது. மாரடைப்பு வந்தவர்கள், முழுநாள் பதிவு, வேறு அளவு. காலையில் கைப்பேசியில் ஒரு நிமிடம் பார்த்த ஆர்எம்எஸ்எஸ்டிக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது.

ஆகவே உங்களோடு உங்களையே ஒப்பிடுங்கள். மூன்று வாரத்து எண்களின் சராசரியும் திட்ட விலக்கமும் எடுங்கள், கைப்பேசியிலேயே எக்செல் போட்டுத் தரும். சராசரி 39, விலக்கம் 6 என்றால் அதில் பாதியை இருபுறமும் வைத்து 36 முதல் 42 வரை உங்கள் வழக்கமான எல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் கடந்த ஏழு நாள் சராசரி அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 41, 36, 44, 31, 39, 42, 40 என்று ஒரு வாரம் போனால் சராசரி 39. நடுவில் வந்த அந்த 31க்காக ஒரு நிமிடம்கூடக் கவலைப்பட வேண்டியதில்லை. என் நோட்டில் நீங்கள் பார்த்த பரோட்டா செவ்வாய்தான் அது.

படி 6: குறைந்தால் முதலில் உடம்பைக் கேளுங்கள், பிறகு மனசை

ஏழு நாள் சராசரி எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது. உடனே ‘எனக்கு மன அழுத்தம்’ என்று முடிவு கட்டக் கூடாது. வரிசையாகக் கேளுங்கள். தூக்கம் குறைந்ததா? காய்ச்சலோ சளியோ தொடங்குகிறதா? முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சியா? இரவு நேரம் கழித்து வயிறு நிறையச் சாப்பாடா? மது அருந்தினீர்களா? அன்றிரவு எச்ஆர்வியை மது கண்கூடாக இறக்கிவிடும். வெயிலில் அலைந்து தண்ணீர் குறைந்ததா? பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரங்களில் எண் சற்றுத் தாழ்வது வழக்கம். அதைக் கணக்கில் எடுக்காமல் மாதாமாதம் கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு மார்ச் மாதக் கடைசியில் மூன்று நாள் தொடர்ந்து எண் கீழேயே கிடந்தது. கணக்கு முடிக்கும் நெருக்கடி, அதுதான் என்று நினைத்துக்கொண்டு தியானம் செய்துகொண்டிருந்தேன். நாலாம் நாள் சாயந்திரம் குளிர்காய்ச்சலில் போர்வைக்குள் இருந்தேன். மனசின் மேல் போட்ட பழி உடம்பினுடையது.

உடம்புக் காரணம் ஒன்றும் இல்லை, இரண்டு வாரமாக எண் ஏறவும் இல்லை என்றால் அப்போது நோட்டைப் புரட்டுங்கள். அந்த இரண்டு வாரத்துச் சொற்கள் என்ன? எந்த நாளிலிருந்து மாறின?

எதையும் கலக்காத நிலையில் மனப் பதற்றம் எண்ணை எப்படி இறக்குகிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் பார்க்கலாம். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993ல் வகுத்த சோதனை ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. முகத்தில் சலனம் காட்டாத நடுவர்கள் முன் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். அடுத்து 1022லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். தப்பினால் மறுபடியும் 1022. நீங்களே வீட்டில் யார் முன்னாலாவது நின்று செய்து பாருங்கள், நாடி எங்கே போகிறது என்று தெரியும்.

ஆனால் எந்த உணர்ச்சி என்று எண் ஒருபோதும் சொல்லாது. அக்கா மகள் கல்யாணத்தன்று விடிகாலையில் என் எண் 27. மேலதிகாரியோடு வாக்குவாதம் முடிந்த மறுநாள் காலையும் 27. ஒன்று ஆனந்தம், ஒன்று அவமானம். உடம்புக்கு இரண்டும் ஒரே கிளர்ச்சி, ஒரே தூக்கக் கேடு. நோட்டு இல்லாமல் எண்ணை மட்டும் வைத்திருந்தால் இந்த இரண்டு நாளும் ஒன்றாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை

சில செயலிகள் ‘எல்எஃப்–எச்எஃப் விகிதம்’ என்று ஒன்றைக் காட்டி, அது ஏறினால் மன அழுத்தம் என்கின்றன. துடிப்பின் ஏற்ற இறக்கத்தை வேகமான அலை (எச்எஃப்), மெதுவான அலை (எல்எஃப்) என்று பிரித்து, மெதுவான அலை முழுக்கப் பரிவு நரம்பினுடையது என்று எடுத்துக்கொள்வதால் வந்த முடிவு அது. உண்மையில் மெதுவான அலையிலும் வேகஸின் பங்கு இருக்கிறது, ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் ஏற்பாட்டின் பங்கும் இருக்கிறது. நீங்கள் கண்மூடி நிமிடத்துக்கு ஆறு மூச்சு விட்டால், அந்த அலை நேராக ‘மெதுவான’ பெட்டிக்குள் விழும். ஆழ்ந்த அமைதியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து செயலி ‘அழுத்தம் அதிகம்’ என்று சொல்லும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த விகிதத்தைப் பார்க்காமல் இருப்பதே நல்லது. ‘ஸ்ட்ரெஸ் ஸ்கோர்’ என்று நூற்றுக்கு மதிப்பெண் போடுவதையும் நான் பார்ப்பதில்லை. எப்படிக் கணக்கிட்டார்கள் என்று வெளியே சொல்லாத எண்ணை நம்பி என் நாளைத் தொடங்க எனக்கு விருப்பமில்லை.

படி 7: மூச்சு

எண்ணை வைத்து என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்கு, செய்து பார்க்கத்தக்க ஒன்று இருக்கிறது. நாலு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. பத்து நிமிடம். மூக்கு வழியாக, வயிறு மெல்ல உப்பி அடங்கும்படி. ஆழமாக இழுக்க வேண்டாம், தலை சுற்றினால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று பொருள்.

ஏன் ஆறு? கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் ரத்த அழுத்தத்தை உணரும் நுனிகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்கும், இறங்கினால் வேகமாக்கும். இந்தத் திருத்தம் போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து விநாடி ஆவதால், ஒரு முழுச் சுற்றுக்குப் பத்து விநாடி. நம் மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்றானால், ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. ரஷ்யாவிலிருந்து வந்த எவ்கெனி வாஷிலோவும் அமெரிக்க உளவியலாளர் பால் லேரரும் இதை விரிவாக ஆராய்ந்து பயிற்சி முறையாக்கினார்கள். சிலருக்கு ஐந்து மூச்சு பொருந்தும், சிலருக்கு ஆறரை. எது உங்களுக்கு இதமாக இருக்கிறதோ அது.

இதில் என்னை நெகிழவைத்த ஆய்வு ஒன்று உண்டு. 2001ல் இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 23 பேரை இரண்டு ஜெபங்கள் சொல்லச் சொன்னார்கள். ஒன்று ஜெபமாலையில் லத்தீன் மொழியில் சொல்லும் மரியே வாழ்க, மற்றொன்று ஓம் மணி பத்மே என்ற மந்திரம். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. யாரும் எண்ணி வைத்து எழுதாத தாளம்! பாட்டிமார் திண்ணையில் உட்கார்ந்து மணியுருட்டியதை நினைத்துக்கொண்டேன். மனசுக்குப் பிடித்த ஒரு வரியை ஒரே மூச்சில் மெதுவாக முழுதும் சொல்லி, பிறகு நிறுத்தி மூச்சு இழுத்துப் பாருங்கள். கடிகாரம் பார்த்து எண்ணுவதைவிட அது எனக்கு எளிதாக வருகிறது.

பயிற்சி செய்யும்போது எண் இரட்டிப்பாகலாம். அந்த நேரத்து எண்ணைக் காலை எண்களோடு சேர்க்காதீர்கள். வாரக்கணக்கில் தொடர்ந்து செய்தபின் காலை எண் ஏறுகிறதா, அதைவிட முக்கியமாக நோட்டில் உள்ள சொற்கள் மாறுகின்றனவா என்று பாருங்கள்.

யாருக்கு இந்த எண் பேசாது

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு எச்ஆர்வி மிக அதிகமாகக் காட்டும், அதில் மனநிலை பற்றி ஒன்றுமே இருக்காது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் பொருந்தாது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் எண்ணை உயர்த்தக்கூடும். மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மாத்திரைகள் இறக்கும். மாத்திரையால் எண் இறங்கியதைப் பார்த்து அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எண்ணைவிட உங்கள் உயிரும் மனசும் பெரிது. மருத்துவரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்வதே பாரமாகத் தோன்றினால் எண் 60 காட்டினாலும் உதவி தேடுங்கள். இந்தியாவில் டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண் 14416, இலங்கையில் 1926. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

எண்ணைப் பார்ப்பதே கவலையாகிவிட்டது, காலையில் கண் திறந்ததும் நெஞ்சு படபடக்கிறது என்றால் கருவியைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். நோட்டை மட்டும் தொடருங்கள்.

என் நோட்டில் ஐந்து வாரம்

அப்பா இறந்தது ஓர் ஆவணி மாதம். காரியமெல்லாம் முடிந்து பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். யார் கேட்டாலும் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொன்னேன், நோட்டிலும் அதையே எழுதினேன். பத்துக்கு ஏழு, பத்துக்கு ஏழு என்று வரிசையாக. எண்ணோ 38லிருந்து 29க்கு இறங்கியது, ஐந்து வாரம் அங்கேயே கிடந்தது. காய்ச்சல் இல்லை, சாப்பாட்டில் மாற்றம் இல்லை. தூக்கம் மட்டும் மூன்று மணிக்கே கலைந்தது. ஆகவே துக்கம்தான் எண்ணை இறக்கியது என்று நான் சத்தியம் செய்ய முடியாது, தூக்கமின்மை ஒன்றே அதைச் செய்திருக்கும். ஆனால் அந்த ஏழுகளுக்குப் பக்கத்தில் அந்த இருபத்தொன்பதுகளைப் பார்த்தபோது, ‘ஏழு’ என்று எழுதியது யார் என்ற கேள்வி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

‘என்னப்பா, ஒரு மாதிரி இருக்கே?’

‘ஒண்ணுமில்லம்மா. மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது.’

‘எனக்கும்தான். அவர் அந்த நேரத்துக்குத்தானே எழுந்து தண்ணி கேப்பாரு.’

அப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் அழுதோம். மறுநாள் எண் 28. ஏறவில்லை. மனசுக்கு நேராக ‘மூன்று’ என்று எழுதினேன், முதல் தடவையாகச் சரியாக எழுதினேன் என்று தோன்றியது.

எண் 36ஐத் தொட மார்கழி ஆனது. இப்போது வாரத்துக்கு நாலு நாள் மட்டும் அளக்கிறேன். நோட்டை எழுதாத நாள் கிடையாது.